தாமும் தம் கோழிகளும்

புனே
27 ஜனவரி 2025

பத்மா,

‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊர் திரும்பி மூன்று நாளில் பதினாலு தடவை போன் பண்ணிவிட்டேன். ஒரு தடவைகூட நீ எடுக்கவில்லை. ஆபீஸில் ஒழுங்கீனத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுகிற மாதிரி சொந்தத் தங்கைக்கும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறேன்.

அப்பா போய் ஒரு வருஷம். முதல் ஸ்ராத்தம். அதற்காக லீவு போட்டு, ஒரு ராத்திரியும் ஒன்றரைப் பகலும் ரயிலில் உட்கார்ந்து திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். பட்டினி கிடந்து, வாத்தியார் சொன்ன ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்தேன். காக்காய்க்கு உண்டான பிண்டத்தை இலையில் வைத்துப் பின்பக்க மதில்மேல் வைத்துவிட்டுக் கூப்பிட்டபடி நின்றேன். இருபது நிமிஷம். ஒரு காக்காயும் வரவில்லை. வந்தது உன் கறுப்புக் கோழி. கொய்யாமரத்துக் கிளையில் ஒரு கால், மதிலில் ஒரு கால். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பிண்டத்தைக் கொத்தியது. பின்னாலேயே கழுத்தில் இறகில்லாத இன்னொன்று ஏறி, எள்ளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. அப்பாவுக்கு வைத்ததை. வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு சிவகாமியம்மாள் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்று பார்த்தாள்.

நான் உதைத்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். அப்போது நீ அடுக்களையிலிருந்து ஓடிவந்து என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “உதைக்காதே, அது முட்டையிடற கோழி.” நம் அப்பாவின் ஸ்ராத்தத்தில், வாத்தியார் முன்னால், நம் வீட்டுப் பெண் வாயிலிருந்து வந்த வார்த்தை. அறுபது வருஷம் கோவிலில் வேத பாராயணம் பண்ணினவருடைய வீடு அது. உனக்கு வெட்கமாக இல்லையா?

மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஏழு கோழியும் அந்த வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். போகாவிட்டால் வீட்டு விஷயத்தை இனி தள்ளிப்போட மாட்டேன். பாதி என்னுடையது. நீ தனியாக இருக்கிறாயே என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன்.

பஞ்சாபகேசன்


ஸ்ரீவராகம்
4 பிப்ரவரி 2025

அண்ணா,

போன் எடுக்காதது வேணும்னேதான். போன்ல நான் ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா நீ முடிச்சுத் தருவே. எனக்கு வேண்டாத மாதிரி முடிச்சுத் தருவே. காகிதத்துல நடுவுல புகுந்து பேச முடியாது பாரு, அதனால இதுவே மதி, இதுவே போதும்.

உன் காகிதத்துல ஒரு சங்கதி விட்டுப்போயிருக்கு. அன்னிக்குக் காலம்பற நாலரைக்கு எழுந்து, கோழியொண்ணையும் வெளியில விடாம, தீவனமும் குடிக்க வெள்ளமும் கூட்டுக்குள்ளேயே வெச்சு, கொண்டியைப் போட்டுட்டுத்தான் நான் குளிக்கப் போனேன். மடியா சமைக்கணும், நடுவுல கோழிகிட்டப் போனா திரும்பக் குளிக்கணும், அதனாலாக்கும். பின்னே அந்தக் கொண்டியைத் திறந்தது யாரு? நீ. வரட்டி எடுக்கறேன்னு கொட்டகைக்குப் போய், கூட்டுக் கதவு குறுக்க இருந்ததுன்னு திறந்து, வரட்டியை எடுத்துண்டு வந்துட்டே. திரும்பப் போடணும்னு உனக்குத் தோணலை. இந்த வீட்டுல நீ திறந்த எதையும் நீ மூடினதில்லை. பின்னாலேயே ஒருத்தி மூடிண்டு வருவா, இல்லையா?

காக்காய் ஏன் வரலைன்னு கேக்கறே. அந்த மதிலுக்குத் தினமும் நாலு காக்காய் வரும். ஆறடி ஆள் கையை ஆட்டிக் கத்திண்டு நின்னா எது வரும்?

முட்டையிடற கோழின்னு சொன்னேன், ஆமா. வயத்துல முட்டை இருக்கிற கோழியை உதைச்சா உள்ளேயே உடைஞ்சு, சீழ் பிடிச்சு, நாலஞ்சு நாள்ல சாகும். இது உனக்குத் தெரியாது. ஒண்ணரை வருஷத்துக்கு முன்னால எனக்கும் தெரியாது. நல்ல காலம், உன் உதை காலோட போச்சு. இடது கால் வீங்கி, மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டுக் கட்டி, கூடையைக் கவிழ்த்து அதுக்குள்ள வெச்சிருக்கேன். கூடையை அறைக்குள்ள வெக்கலாமேன்னு கேப்பே. வெக்கக்கூடாது. பத்து நாள் கண்ல படாம இருந்துட்டுத் திரும்பி வந்தா, கூட இருந்ததெல்லாம் புதுசா யாரோ வந்துட்டான்னு சேர்ந்து கொத்தும், ரத்தம் வர வரைக்கும் கொத்தும். அதனால முத்தத்து நடுவுல, மத்ததெல்லாம் மேயற இடத்துலேயே வெச்சிருக்கேன். பார்த்துண்டே இருந்தா மறக்காது.

உனக்கு ஏழும் ஒண்ணுதான். எனக்கு இல்லை. ஒண்ணு கரிங்கோழி, நீ உதைச்சது. ஒண்ணு கழுத்துமொட்டை. ரெண்டு நாடன், நாட்டுக்கோழி. மூணு செவலை, முட்டைக்குன்னே வளர்க்கற ஜாதி. எல்லாம் நம்ம கொல்லைக்குப் பின்னால லைன் வீட்டுல குடியிருந்த ஆவுடைத்தாயோடது. தென்காசிப் பக்கத்துக்காரி, சித்தாள் வேலை. அவ புருஷன் லிங்கத்துக்குப் போன வருஷம் கல்லாறுல கட்டட வேலை கிடைச்சு, ரெண்டு பேரும் அங்க போயிட்டா. போறச்சே கறிக்கடைக்காரனை வரச்சொல்லியிருந்தா. அவன் சாக்கோட வந்து நின்னான். நான் வேண்டாம்னு வாங்கி வெச்சுண்டேன். முட்டையை நான் திங்கறதில்லை, நீ கேக்கலேன்னாலும் சொல்றேன். வாசல்ல வந்து வாங்கிண்டு போறா.

மார்ச் முப்பத்தொண்ணு இல்லை, ஏப்ரல் முப்பத்தொண்ணு ஆனாலும் இதுகள் போகாது.

பத்மா


புனே
12 பிப்ரவரி 2025

பத்மா,

கொண்டியை நான் போடவில்லை. ஒப்புக்கொள்கிறேன். கூடே இல்லாத வீட்டில் கொண்டி என்கிற பேச்சே வராது, அதையும் நீ ஒப்புக்கொள்.

எனக்கு வந்த போன்களைச் சொல்லட்டுமா? சிவகாமியம்மாள், அவள் பிள்ளை, தெருவில் இன்னும் இரண்டு பேர். “உங்க ஆத்துல கோழிக்கடை வெச்சிருக்காளாமே” என்று கேட்கிறார்கள். வாசலில் முட்டை வாங்க ஆள் நிற்கிறதாம். கழுவாத காலோடு, செருப்போடு நம் வாசற்படியில். இங்கே அபார்ட்மெண்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன பதில் சொல்ல? நீ என் பேரையும் சேர்த்துத் தெருவில் இழுத்துவிட்டாய் என்று எரிச்சலாக வருகிறது. கறிக்கடைக்காரன் எடுத்துக்கொண்டு போயிருந்தால் உனக்கு என்ன நஷ்டம்? யாரோ சித்தாளுடைய கோழிக்காகக் கூடப்பிறந்தவனோடு சண்டை போடுகிறாய்.

நேராகவே சொல்கிறேன். அந்த வீட்டை வாங்க ஆள் இருக்கிறது. பத்மநாபசுவாமி தரிசனத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு ரூம்கள் போடப்போகிறாராம். நல்ல மனுஷர். வருகிற பணத்தில் ஸ்ரீகார்யம் பக்கம் உனக்கு ஒரு ஃபிளாட். லிஃப்ட் உண்டு, வாசலில் செக்யூரிட்டி உண்டு. ஓடு மாற்ற வேண்டாம், கரையான் பார்க்க வேண்டாம். உனக்கு அம்பத்துநாலு வயசு. கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் தூக்க யார் இருக்கிறார்கள்? நான் சொல்வதில் ஒன்றாவது தப்பா?

நானாக எடுத்த முடிவும் இல்லை இது. அப்பாவிடமே கேட்டேன். அப்பா சம்மதித்தார். நீ மனசு கஷ்டப்படுவாய் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. அப்பாவே சரி என்றதற்கு நீ குறுக்கே நிற்பாயா என்ன?

கையெழுத்துப் போடவேண்டிய பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட மூன்று இடங்களில் போடு. இருபதாம் தேதி வாக்கில் அளவெடுக்க ஓர் ஆள் வருவான்.

பஞ்சாபகேசன்


ஸ்ரீவராகம்
22 பிப்ரவரி 2025

அண்ணா,

உன் ஆள் வந்தான். டேப்பும் கையுமா, கூப்பிடக்கூட இல்லாம, கொல்லைக் கேட்டைத் தள்ளித் திறந்துண்டு. நாடன் ஒண்ணு அப்போதான் அடை உட்கார்ந்திருந்தது. மூலையிலே, வரட்டிக்குப் பக்கத்துல. சேவல் இல்லாத கூட்டத்துல அடை உட்கார்ந்து பிரயோஜனமில்லைன்னு அதுக்குத் தெரியுமோ? தெரியாது. யார் கிட்டப் போனாலும் சீறும். அவன் டேப்போட நுனியை அந்த மூலையில வெக்கக் குனிஞ்சான். புறங்கையில கொத்தித்து பாரு, டேப்பைப் போட்டுட்டு ஓடிட்டான். டேப் இங்கதான் இருக்கு. வேணும்னா வந்து வாங்கிக்கச் சொல்லு.

பேப்பர்ல கையெழுத்துப் போடலை. போடவும் மாட்டேன். உன் ஃபிளாட்டுல லிஃப்ட் இருக்கறதுனால எனக்கு என்ன? எறங்கி நான் எங்க போகணும்? அப்பாவுக்குக் கோவில், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, திரும்ப அப்பாவுக்கு ஆஸ்பத்திரின்னு முப்பது வருஷம் இந்த வீட்டுல நான் மத்தவா வேலைக்கு எழுந்தேன். இப்போதான் என் வேலைக்கு எழுந்திருக்கேன். காலம்பற கூட்டைத் திறக்கணும், கக்கா ஓட்டை, அதான் கிளிஞ்சலை, இடிச்சுத் தீவனத்துல கலக்கணும், இல்லேன்னா முட்டை தோல் தோலா வரும். கீரி வராம பார்க்கணும். நான் இல்லேன்னா ஏழும் பட்டினி. எனக்கு இது வேணும். இவ்வளவு வெளிப்படையா நான் எதையும் கேட்டதில்லை, அதான் உனக்குப் புரியலை.

அப்பா சம்மதிச்சார்ங்கறே. 2023 ஏப்ரல்ல பக்கவாதம் வந்த அன்னியிலேருந்து அப்பாவுக்கு ஒரு வார்த்தை வரலை. விரல் அசையலை. பின்னே எப்போ கேட்டே? எப்படி சரின்னார்? எழுது. தேதியோட எழுது.

அறுபது வருஷம் பாராயணம் பண்ணின வீடுங்கறே. சரி. இதையும் கேட்டுக்கோ. மூக்குல குழாய் வெச்ச ஒன்பது மாசத்துல எட்டு மாசம் அந்தக் கோழிகளோட முட்டையைத்தான் அப்பா சாப்பிட்டார்.

ஆமா. ரத்தத்துல புரதம் குறைஞ்சு, காலெல்லாம் நீர் கோத்து, முதுகுல புண் ஆறாம கிடந்தது. கஞ்சியும் மோரும் பருப்புத்தண்ணியும் போறாது, தினமும் ரெண்டு முட்டையோட வெள்ளைக்கரு கலந்தே ஆகணும்னு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தா. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு உனக்குத்தான் போன் பண்ணினேன். “அண்ணா, முட்டை கொடுக்கச் சொல்றா”ன்னேன். நீ என்ன சொன்னே தெரியுமோ? “டாக்டர் என்ன சொல்றாரோ அதைச் செய்டி, எனக்கு மீட்டிங்.” நான் சொன்னது உன் காதுல விழவே இல்லை. எனக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் நீ சொன்னது சொன்னதுதான்.

கடை முட்டையை வாங்க மனசு வரலை. என்னிக்குப் போட்டதோ. ஆவுடைத்தாய் தினமும் காலம்பற மதில்மேல ரெண்டு முட்டை வெச்சுட்டு வேலைக்குப் போவா, சூடு ஆறாம இருக்கும். அவிச்சு, மஞ்சக்கருவை எடுத்துட்டு, கஞ்சியில அரைச்சு, வடிகட்டிக் குழாயில விட்டேன். புண் ஆறித்து. அந்தக் கோழிகளைத்தான் கறிக்கடைக்காரன் சாக்குல போட வந்தான். யாரோ சித்தாள் கோழியா அது?

பத்மா


புனே
2 மார்ச் 2025

பத்மா,

உன் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். அதற்கப்புறம் மேலே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ என்ன காரியம் பண்ணியிருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? வெங்காயம்கூடத் தொடாத மனுஷர். ஊர்ப் பயணத்தில் ஹோட்டல் காபி குடிக்கமாட்டார், கூஜாவில் எடுத்துப்போவார். வாய் பேசமுடியாமல் கிடந்தவருக்கு மூக்கு வழியாக முட்டையை விட்டாயே. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாக்குக்கூட இல்லையே அப்போது. நான் மீட்டிங்கில் சொன்ன வார்த்தையை வைத்து என்னையும் இதில் கூட்டுச் சேர்க்கிறாய். எனக்கு அந்தப் போன் ஞாபகமே இல்லை. நீ சொல்வது நிஜமாகத்தான் இருக்கும், அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா? ராத்திரி கூப்பிட்டிருக்கக் கூடாதா? நான் என்ன செத்தா போயிருந்தேன்?

உன்னை மன்னிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதிவைத்துக்கொள்.

சம்மதம் எப்போது என்று கேட்டாய். தேதியோடு எழுதுகிறேன். 2023 அக்டோபர் 24, விஜயதசமி. காலை ஒன்பதரை மணி. நீ வீடியோ காலில் போனை அப்பா முகத்துக்கு நேரே ஸ்டாண்டில் வைத்துவிட்டு சுண்டல் தாளிக்க உள்ளே போனாய். நான் கேட்டேன், “அப்பா, இந்த வீடு இனிமே வேண்டாம்பா, வித்துட்டு பத்மாவுக்கு நல்லபடியா ஒரு ஏற்பாடு பண்ணட்டுமா?” அப்பா கண்ணை மூடித் திறந்தார். நல்லாயிருந்த காலத்தில் சம்மதம் என்றால் அவர் அப்படித்தான் செய்வார், உனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு, நான் புனே போவதற்கு, எல்லாவற்றுக்கும் கண்ணை மூடித் தலையை மெல்ல அசைப்பார். ஆகட்டும் என்று அர்த்தம். தலை அசையவில்லை, அசைக்க முடியாது. கண் மூடியது. எனக்கு அது போதும். அப்பா வார்த்தையை நீ மீறாதே.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். அவர் குழாயில் போகிறது என்ன என்று அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாமலே போய்விட்டாரா? இதற்கு மட்டும் பொய் சொல்லாமல் பதில் எழுது.

பஞ்சாபகேசன்


ஸ்ரீவராகம்
11 மார்ச் 2025

அண்ணா,

பொய் சொல்லாமல் எழுதுன்னு எழுதியிருக்கே. நான் உங்கிட்ட எப்போ பொய் சொன்னேன்? நீ கேக்காததைச் சொல்லாம இருந்திருக்கேன், அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தெரியும்.

முதல் நாள் கஞ்சியைக் கலக்கி வெச்சுண்டு எனக்குக் கை ஓடலை. குழாய்க்குள்ள விட்டா யாருக்குத் தெரியப்போறதுன்னு நர்ஸ் சொன்னா. எனக்குத் தெரியுமே. அப்பா காதுகிட்டக் குனிஞ்சு, “அப்பா, இதுல முட்டை இருக்கு. புண் ஆறணும்னு கொடுக்கச் சொல்றா. வேண்டாம்னா கண்ணை மூடுங்கோ, நான் கொட்டிடறேன்”னேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடலை. நான் திரும்பவும் கேட்டேன். கண்ணுல நீர் கட்டி வழியறது, எரிஞ்சிருக்கும், இமைக்கக்கூட இல்லை. அப்படியே பார்த்துண்டே இருந்தார். அவருக்கு உயிரோட இருக்கணும்னு இருந்தது அண்ணா. பாராயணம் பண்ணினவர்தான், ஆனா உயிரோட இருக்கணும்னு இருந்தது. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் சொல்லலை.

இப்போ நீ எழுதினதுக்கு வரேன். அதை வாசிச்சப்புறம் ரெண்டு நாள் உனக்குப் பதில் எழுதக்கூடாதுன்னு இருந்தேன். எழுதினா நீ தாங்குவியான்னு இருந்தது. அப்புறம் இதுவரைக்கும் நான் உனக்காகப் பார்த்துப் பார்த்து முழுங்கினதெல்லாம் மதின்னு தோணித்து.

கண்ணை மூடினா அப்பாவுக்கு ‘வேண்டாம்’.

ஸ்பீச் தெரபிக்கு வந்த ஜினி, மே மாசமே இதை ஏற்பாடு பண்ணிக் கொடுத்தா. முதல்ல நானும் உன்னை மாதிரிதான் சொன்னேன், எங்கப்பா சரின்னா கண்ணை மூடுவார்னு. அவ கேக்கலை. “மூடறதுதான் சேச்சி இவருக்கு லேசு. திறந்து வெச்சுண்டிருக்கறதுதான் பாடு. படுத்துக் கிடக்கிறவாளுக்கு வேண்டாம்னு சொல்றது கஷ்டமா இருக்கக்கூடாது, லேசா இருக்கணும்”னா. எனக்கு அது சரின்னு பட்டுது. பத்து நாள் அப்பாவோட உட்கார்ந்து பழக்கினா. ஃபேன் வேணுமா, வேண்டாமா, திரும்பிப் படுக்கணுமா, வேண்டாமா. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அப்பாவுக்குத் தப்பினதில்லை. ‘கண்ணு துறந்நால் வேணும், அடச்சால் வேண்டா’ன்னு மலையாளத்துல பெரிசா எழுதி, கட்டில் தலைமாட்டுல அட்டையா தொங்கவிட்டிருந்தா, நர்ஸ்மாருக்காக.

ஜூன்ல நீ ரெண்டு நாள் வந்திருந்தே. அந்த அட்டைக்குக் கீழதான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தே. பத்தாம் கிளாஸ் வரைக்கும் மலையாளம் படிச்சவன் நீ. ரெண்டு நாளும் லாப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கலை. காபி கொண்டுவந்து வெச்சேன், ஆறிப்போச்சு, திரும்ப சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். இதைப் படின்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை, அது என் தப்பு. நீ அப்பாகிட்ட எதையும் கேக்கப்போறதில்லைன்னு நினைச்சுட்டேன்.

கரிங்கோழி நொண்டாம நடக்கறது. நீ கேக்கலை, இருந்தாலும்.

உன் பேப்பரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். பென்சில் குறியை அழிச்சாச்சு. எங்கிட்டேருந்து கையெழுத்து வாங்கறதை விடு. இனி நீ போடு. நான் இருக்கிற வரைக்கும் உன் பாதியை விக்கமாட்டேன்னு வக்கீலை வெச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதுல கோழியையும் சேர்த்து எழுதச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கே, வீடு உனக்குத்தான், கோழிக்கு இல்லைம்பே. உன்னை எனக்குத் தெரியும்.

மன்னிக்க முடியாதுன்னு எழுதியிருக்கே. நான் கேக்கவே இல்லையே.

பத்மா


புனே
26 மார்ச் 2025

பத்மா,

இத்துடன் வக்கீல் மூலமாக முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதை வைத்திருக்கிறேன். பத்திரமாக வை. வாசகம் இது:

“திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் உள்ள எங்கள் பொது வீட்டில், என் சகோதரி பத்மப்ரியா தம் ஆயுட்காலம் முழுவதும் தாமும் தம் கோழிகளும் குடியிருக்க எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்றும், மேற்படி காலம் வரை மேற்படி வீட்டில் எனக்குள்ள பாதிப் பாகத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்கவோ மாட்டேன் என்றும் சுயநினைவுடன் உறுதி கூறுகிறேன்.”

‘கோழிகளும்’ அவசியமா சார் என்று வக்கீல் இரண்டு தடவை கேட்டார். அவசியம் என்றேன்.

கோபம் போயிடுத்துன்னு நினைச்சுக்காதே. முட்டை விஷயம் எனக்கு இன்னும் தொண்டையில நிக்கறது. அப்பாவுக்கு வேணும்னு இருந்ததுன்னு நீ எழுதினதை நம்பறேன், நம்பினாலும் நிக்கறது. அந்த அட்டையை எனக்குக் காட்டாம இருந்தியேன்னு உன்மேலயும் கோபம் வரது. அது நியாயம் இல்லைன்னு தெரியறது. தெரிஞ்சும் வரது.

நான் உனக்கு முழுசா எழுதலை. விஜயதசமி அன்னிக்கு நான் அப்பாகிட்ட ஒரு தடவை கேக்கலை. மூணு தடவை கேட்டேன். முதல் தடவை கண்ணை மூடினார். வாங்கறவனுக்கு நாளைக்கு வாக்கு கொடுக்கணும், சந்தேகம் இருக்கக்கூடாதுன்னு இன்னும் சத்தமா கேட்டேன். திரும்ப மூடினார். மூணாவது தடவை போனை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, வீட்டை வித்துடட்டுமாப்பான்னு கேட்டேன். அப்போ இறுக்கி மூடினார் பத்மா. நெத்தியெல்லாம் சுருங்கித்து. ரொம்ப நேரம் திறக்கவே இல்லை.

நான் “தேங்க்ஸ்ப்பா”ன்னு சொல்லிட்டு போனை வெச்சேன்.

அண்ணா